ஆறேழு பக்கங்களில் ஒரு யுத்தம்

கொரியாவில் 1950 ஜூன் மாதத்தில் யுத்தம் மூண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கின் ஈ.சி. காமிக்ஸ் நிறுவனம் 'டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்' என்ற சித்திரக்கதைப் பத்திரிகையையும், மறு ஆண்டில் 'ஃப்ரண்ட்லைன் காம்பாட்' என்ற அதன் துணைப் பத்திரிகையையும் பத்து சென்ட் விலைக்குக் கடைகளில் வைத்தபோது, அவற்றை ஆவலோடு வாங்கிய சிறுவர்கள் வீரசாகசத்தையே எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த ஹார்வி கர்ட்ஸ்மன், இரண்டாம் உலக யுத்தத்தில் சேனையில் சேர்க்கப்பட்டும் கடல் கடந்து போர்முனையைக் காணாத அந்த மனிதர், யுத்தத்தைப் பற்றிச் சிறுவர்களிடம் பொய் சொல்லலாகாது என்ற பிடிவாதத்தோடு அவ்விதழ்களை நடத்தினார். அந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் பலித்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அவருடைய உழைப்பைப் பற்றி வழங்கும் செய்திகள் பிரமிப்பூட்டுபவை. நூல்நிலையங்களில் நாட்கணக்காகத் தேடுவதும், நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுதவேண்டுமென்றால் உதவியாளர் ஒருவரை அதற்குள்ளேயே அனுப்பிவைப்பதும், ஜான் செவரின், ஜாக் டேவிஸ், வாலி வுட் முதலிய கைதேர்ந்த ஓவியர்களுக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் தாமே முன்கூட்டி வரைந்து கொடுத்து அதிலிருந்து விலகாதபடி பார்த்துக்கொள்வதும் அவர் வழக்கம். துப்பாக்கியும் தலைக்கவசமும் பிழையின்றி அமைந்துவிட்டால் யுத்தமே அமைந்துவிட்டதாகச் சில ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். நான் அதற்கு இசையேன். ஆயுதம் மெய்யாகவும் அதை ஏந்தியவன் பொய்யாகவும் இருக்கும் கதைகள் உலகில் ஏராளம். கர்ட்ஸ்மனின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது.

1952-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவரே எழுதி அவரே வரைந்து வெளியிட்ட 'கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். இம்ஜின் நதிக்கரையில் தனித்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், நீரில் ஒரு பிணம் மிதந்து போவதைப் பார்க்கிறான். இக்காலத்தில் எல்லாம் தூரத்திலிருந்தே பீரங்கியாலும் வெடிகுண்டாலும் முடிந்துவிடுகிறது, மனிதனை மனிதன் கையால் கொல்லும் காலம் போய்விட்டது என்று அவன் மனம் அசைபோடுகிறது. அந்த நினைவு ஓய்வதற்குள் பகைவன் ஒருவன் அவன்மீது பாய்கிறான். கைக்கெட்டாத தூரத்தில் துப்பாக்கி கிடக்க, இருவரும் கட்டிப்புரண்டு நதிக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதன்பின் வரும் கட்டங்களில் கதை ஏறக்குறைய நின்றே விடுகிறது. பகைவனின் தலை நீருக்குள் அமுக்கப்படுகிறது, மறுபடி அமுக்கப்படுகிறது, இன்னும் ஒருமுறை அமுக்கப்படுகிறது. ஒரே செயல் கட்டத்துக்குக் கட்டம் திரும்பத் திரும்ப வர, ஒரு மனிதன் மூச்சடங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரத்தையும் வாசகன் தன் கண்ணாலேயே கடந்தாக வேண்டியிருக்கிறது. பக்கம் புரட்டும் வேகத்தை வாசகன் கையிலேயே விட்டுவைக்கும் இந்தக் கலையில், அவ்வேகத்தைக் கட்டிப்போட்டு, ஒரு சாவுக்கு உரிய காலத்தை அதற்குக் கொடுத்தவர் கர்ட்ஸ்மன். வென்றவனின் முகத்தில் வெற்றியின் சாயல் சிறிதும் இல்லை. நதியில் இரண்டாவது பிணம் மிதக்கத் தொடங்குகிறது. இக்கதையை எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில் என் கை தயங்குகிறது.

இத்தனை சக்தி வாய்ந்த சித்திரங்களைப் படைத்தவருக்கு அவற்றின் மீதே நம்பிக்கை போதாமல் போனது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஓவியம் மௌனமாகச் சொல்லி முடித்ததைக் கட்டத்தின் மேற்பகுதியில் அமர்ந்த கதைசொல்லியின் குரல் மீண்டும் எடுத்துரைக்கிறது. இரக்கப்படும்படி வாசகனை வேண்டிக்கொள்ளும் அக்குரல், அவன் தானாகவே அடைந்திருக்கக்கூடிய இரக்கத்தைப் பறித்துக்கொள்கிறது.

அதைவிட ஆழமான குறை கதையமைப்பில் இருக்கிறது. ஆறேழு பக்கங்களில் முடியவேண்டிய கதைக்கு இறுதியில் ஒரு திருப்பம் தேவைப்படுகிறது. சீனச் சிப்பாய்களின் பக்கம் நின்று சொல்லப்பட்ட 'ஏர் பர்ஸ்ட்', பகைவனையும் பசியும் பயமும் நட்பும் உள்ளவனாகக் காட்டிய வகையில் அக்காலத்துக்குத் துணிச்சலான கதையே. ஆயினும் அவர்கள் வைத்த பொறி அவர்களையே வந்து சேரும்போது, வினைக்குப் பயன் வந்தது என்ற நிறைவோடு கதை மூடுகிறது. போர்க்களத்துச் சாவுக்கு அந்த நிறைவு கிடையாது. கர்ட்ஸ்மனும் இதை உணர்ந்திருக்கவேண்டும். 'பிக் இஃப்' என்ற கதையில், கொரியக் கிராமத்து மரத்தூண் தெய்வங்களின் எதிரே உட்கார்ந்துகொண்டு, அப்படி நடந்திருந்தால், இப்படி நடந்திருந்தால் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகும் சிப்பாயின் முதுகில் குண்டுச்சிதறல் பாய்ந்திருப்பதைக் கடைசியில்தான் காண்கிறோம். காரணம் தேடும் ஆசையையே அங்கே அவர் விசாரணைக்கு உட்படுத்திவிட்டார்.

அந்தக் குறையை நிரப்பியது, இங்கிலாந்தில் 'பேட்டில்' வார இதழில் 1979 ஜனவரியில் தொடங்கிய 'சார்லீஸ் வார்' தொடர் என்பது என் அபிப்பிராயம். பாட் மில்ஸ் எழுத, ஜோ கொல்கூன் வரைந்தார். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேனையில் சேர்ந்த பதினாறு வயதுச் சார்லி, எழுத்துப்பிழைகள் மலிந்த கடிதங்களை வீட்டுக்கு எழுதியபடியே, ஒரே நாளில் பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்ட 1916 ஜூலை முதல் தேதியின் சோம் போர்க்களத்தைக் கடக்கிறான். அவன் உயிர்த்தோழன் ஜிஞ்சர் வீரப்போர் எதிலும் சாகவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு குண்டில் சிதறிப்போகிறான். மிஞ்சியதைச் சார்லி ஒரு சாக்கில் சேர்த்துச் சுமந்து செல்கிறான். எந்த வினைக்கும் பயனாக வராத அந்தச் சாவு, கர்ட்ஸ்மனின் திருப்பங்களையெல்லாம்விட மெய்யானது. வாரந்தோறும் மூன்று நான்கு பக்கங்களை ஒரு பரபரப்போடு நிறுத்தியாக வேண்டிய கட்டாயம் இத்தொடருக்கும் இருந்தது. ஆனால் வருஷக்கணக்கில் நீண்டதால், சிப்பாயின் வாழ்வில் பெரும்பகுதியான காத்திருப்பும் சேறும் அலுப்பும் இதில் இடம்பெற முடிந்தது.

சிப்பாய்கள் மிதித்துச் செல்லும் மண்ணுக்கு உரியவர்களோ இக்கதைகள் பெரும்பாலானவற்றில் பின்னணிச் சித்திரங்களாகவே நின்றுவிடுகிறார்கள். கர்ட்ஸ்மனின் வழியில் ஆர்ச்சி குட்வின் எழுதி, வாரன் நிறுவனம் 1965-இல் தொடங்கிய 'பிளேஸிங் காம்பாட்' இதழில் அந்த வரம்பு ஒருமுறை உடைந்தது. ஜோ ஆர்லாண்டோ வரைந்த 'லாண்ட்ஸ்கேப்' கதையின் நாயகர் வியட்நாமிய நெல் விவசாயியான ஒரு கிழவர். கட்சிகள் எவையாயினும் வயல் தன்னுடையது என்றிருந்த அவர், அந்த வயலிலேயே மாள்கிறார். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் சிப்பாய்களின் சங்கம் எதிர்ப்புக் காட்டியது. ராணுவ முகாம்களின் கடைகளில் இதழின் விற்பனை நின்றது. நான்கே இதழ்களோடு பத்திரிகையும் நின்றுபோயிற்று.