அடக்கி வாசித்த மூவர்

பங்க் இசையின் கூச்சல் இன்னும் ஓயாத 1978. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் டிரம்மரே இல்லாமல் ஒரு குழு மேடையேறியது: யங் மார்பிள் ஜயன்ட்ஸ். டிரம்ஸுக்குப் பதில் ஒரு கேசட். உறவுக்காரர் பீட்டர் ஜாய்ஸ் செய்துகொடுத்த தாளக் கருவியின் ஓசையை அதில் பதிந்து வைத்திருப்பார்கள். அதை ஓடவிட்டு, அதன் மேல் வாசிப்பார்கள்.

கேசட் யாருக்காகவும் காத்திருக்காது. கூட்டம் சூடேறினால் வேகம் கூட்ட வழியில்லை. கைதட்டல் கிடைத்தால் இன்னொரு சுற்று இழுக்கவும் முடியாது. மேடைக்காரர்களுக்கு இது பெரிய பலவீனம்தான். ஆனால் இந்த மூவரின் ஆட்டமே அந்தக் கட்டுப்பாட்டில்தான் அமைந்தது.

பாட்டைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் ஃபிலிப் மாக்ஸமின் பேஸ் கிட்டார். அடியில் கிடந்து முழங்க வேண்டிய வாத்தியம் இங்கே மேல் ஸ்தாயிக்கு ஏறி மெட்டையே வாசிக்கிறது. அண்ணன் ஸ்டூவர்ட் வலது உள்ளங்கையைத் தந்திகள் மேல் அழுத்தியபடியே கிட்டாரை மீட்டுவார். நாதம் பிறந்த கணமே அறுந்துவிடும். ஓசையில் பாதி தாளம், பாதி சுருதி. எனவே டிரம்மர் இல்லாத குறையைத் தீர்ப்பது கேசட் மட்டுமல்ல, அந்த உள்ளங்கையும்தான். இடையிடையே ஸ்டூவர்ட்டின் ஆர்கன். இவற்றுக்கு நடுவே அலிசன் ஸ்டாட்டன் பாடுகிறார்: குரலில் கமகமோ நடுக்கமோ இல்லை, பக்கத்து அறையில் வேலை பார்த்துக்கொண்டே முணுமுணுப்பவர் போல. பயிற்சி போதாத குரல் என்று முதலில் தோன்றும். கூர்ந்து கேட்டால், ஒரு சொல்லையாவது அழுத்திப் பாடியிருந்தால் மொத்தமும் கலைந்திருக்கும் என்பது புரியும்.

உள்ளூர்க் குழுக்களின் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்ற பாடல்கள் வழியாக லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனத்தின் காதுக்கு இவர்கள் எட்டினார்கள். மத்திய வேல்ஸில் உள்ள ஃபோயல் ஸ்டுடியோவில் சில நாட்களிலேயே பதிவு முடிந்தது. 1980 தொடக்கத்தில் 'கொலாசல் யூத்' வெளிவந்தது. பதினைந்து பாடல்கள், எல்லாம் சேர்த்து 40 நிமிடங்களுக்குள். அதே ஆண்டு வந்த 'ஃபைனல் டே' இரண்டு நிமிடம்கூட ஓடாது. பொருளோ அணு ஆயுதப் போரில் உலகம் முடியும் நாள். இந்தப் பேரழிவையும் அலிசன் அதே குரலில்தான் பாடுகிறார். பனிப்போர்க் காலத்தில் இதைவிட உரக்கக் கத்திய பாடல்கள் எத்தனையோ உண்டு. எனக்குக் கிலி பிடிப்பது இதைக் கேட்டால்தான்.

1980 இறுதியில் அமெரிக்கா வரை போய் வாசித்தார்கள். திரும்பியதும் குழு கலைந்தது. பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டூவர்ட் எழுதியவை. ஆனால் அவை ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது அலிசனின் குரலில். அலிசன் இருந்தால்தான் தானும் இருப்பேன் என்று தம்பி நிபந்தனை போட்டதையும், தனக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்பதையும் ஸ்டூவர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு பேர் உள்ள குழுவில் இந்த மாதிரி மனக்கசப்பு எங்காவது கரைந்துவிடும். மூன்றே பேர், அதில் இருவர் உடன்பிறந்தவர்கள் என்றால் எங்கே போய்க் கரையும்? பிரிவுக்குப் பின் 1981-இல் வந்த 'டெஸ்ட்கார்ட்' இசைத்தட்டில் ஆறு துண்டுகள். ஆறிலும் பாட்டுக் குரல் இல்லை.

அகாலத்தில் முடிந்துபோன குழு என்று ரசிகர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவர்களின் முறையே எதையாவது கழிப்பதுதான். இரண்டாவது ஆல்பத்துக்குக் கழிக்க என்ன மிச்சம் இருந்தது? அலிசன் வீக்கெண்ட் குழுவில் ஜாஸ் பக்கம் போனார். ஸ்டூவர்ட் 'தி ஜிஸ்ட்' என்ற பெயரில் இயங்கினார். இருவருமே புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ராக் பாடகர் கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த ஐம்பது ஆல்பங்களின் பட்டியலில் 'கொலாசல் யூத்'தைச் சேர்த்தார். அவர் மனைவி கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு 1994-இல் இவர்களின் 'கிரெடிட் இன் த ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்' பாடலை எடுத்து, டிரம்ஸ் அதிர, கிட்டார் கதற, தொண்டை கிழியப் பாடியது. நல்ல பதிவுதான், பாடலும் அத்தனை சுமையையும் தாங்குகிறது. மூலத்தில் அந்தச் சுமை முழுவதையும் தாங்கியது, கேசட்டில் ஓடிய ஒரு டிக்-டிக்.