மார்கரெட் ரூதர்ஃபோர்டின் மோவாய்

1961-ல் வந்த ‘மர்டர், ஷீ செட்’ படத்தில் கொலைகாரன் யார் என்ற ரகசியம் எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே தீர்ந்துபோன பிறகும், அதை மறுபடி மறுபடி பார்க்க என்னைத் தூண்டுவது மார்கரெட் ரூதர்ஃபோர்டின் மோவாய் ஒன்றுதான் என்றால், அவருடைய அபிமானிகள் மிகையென்று எண்ணமாட்டார்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயிலில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிக்கப்படுவதைக் கண்ணால் கண்டு சொன்ன, அவர் நடிக்கும் மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியை, கையிலிருந்த துப்பறியும் நாவலின் மயக்கம் என்று ரயில்வே சிப்பந்தியும், மரியாதை குறையாமலே போலீஸ் இன்ஸ்பெக்டர் கிராடக்கும் ஒதுக்கிவிட, மேடேறும் வண்டி மாட்டின் கழுத்தைப்போல் அந்த மோவாய் மெல்ல முன்னே நீள்கிறதே, அந்த க்ஷணத்திலேயே கொலைகாரனின் கதி நிச்சயமாகிவிடுகிறது! பிறகு ஆக்கென்தார்ப் மாளிகையில் வேலைக்காரியாகப் புகுந்து, மாளிகைக்காரராக வரும் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸின் கர்ஜனைகளுக்கு அவர் பதில் சொல்லும்போதும், வாய் பேசுவதற்கு அரை விநாடி முன்பே மோவாய் பேசி முடித்துவிடுகிறது.

படத்துக்கு மூலமான அகதா கிறிஸ்டியின் நாவலில் கொலையைக் காண்பவள் ஒருத்தி, வேலைக்குப் போகிறவள் இன்னொருத்தி, யோசிப்பவர் மட்டுமே மிஸ் மார்ப்பிள். மூவரையும் ஒருவராக்கியது அபசாரம் என்று கிறிஸ்டியின் பக்தர்கள் வருந்துவது நியாயமே. ஆனால் இப்படியொரு நடிகை கைவசமிருக்க, கொலையைப் பார்க்கும் பாக்கியத்தை வேறொருத்திக்கு யார் கொடுப்பார்கள்? இந்த மார்ப்பிள் பட வரிசையை அவ்வளவாக விரும்பாத கிறிஸ்டியே 1962-ல் தம் நாவலொன்றை ரூதர்ஃபோர்டுக்குச் சமர்ப்பித்தார். இதே படத்தில் சிறு வேடத்தில் வந்துபோகும் ஜோன் ஹிக்ஸன்தான் 1984 முதல் பிபிசியில் மூலத்துக்கு அணுவளவும் பிசகாத மார்ப்பிளாக விளங்கினார் என்பதும் வாஸ்தவம். அவரைக் கண்டு எனக்குச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

நாவலில் இல்லாத ஸ்ட்ரிஞ்சர் என்ற பயந்த சுபாவமுள்ள துணைவராக வருபவர், ரூதர்ஃபோர்டின் சொந்தக் கணவர் ஸ்ட்ரிஞ்சர் டேவிஸ். மனைவியைக் கவலையோடு பார்ப்பதற்கு அவருக்கு அபிநயம் தேவைப்பட்டிருக்காது.

இக்காலத் துப்பறிவாளர்களுக்கோ மதுப்பழக்கம், மணமுறிவு, ஆறாத பழந்துக்கம் எல்லாம் வேண்டியிருக்கின்றன. அவர்களைத் தேற்றி முடிப்பதற்குள், செத்தவர் யாரென்பதே நமக்கு மறந்துபோகிறது. படமும் இருட்டு, பேச்சும் முணுமுணுப்பு. இந்தப் படத்தில் கொலைக்கு நடுவே இசையமைப்பாளர் ரான் குட்வினின் ஹார்ப்சிகார்ட் துள்ளிக் குதித்த காலத்தின் நிர்விசாரத்தை இவர்களிடம் எதிர்பார்ப்பது வீண்.

இந்த வரிசையின் நான்கு படங்களில் ‘மர்டர் அஹாய்’ கிறிஸ்டியின் எந்த நாவலிலிருந்தும் எடுத்ததல்ல. அதை விட்டாலும் பாதகமில்லை. 1963-ன் ‘மர்டர் அட் த காலப்’பை மட்டும் தவறவிடாதீர்கள், எழுபது வயது அம்மையார் ட்விஸ்ட் நடனம் ஆடுவது அதில்தான்.