படம் போட்ட சட்டப் புத்தகம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறு, புவியியல் இரண்டுக்கும் பின்னால்தான் குடிமையியலுக்கு இடம். அதையும் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விகளாகத்தான் சந்திக்கிறார்கள். அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட நாள் எது? 1949 நவம்பர் 26. நடைமுறைக்கு வந்த நாள்? 1950 ஜனவரி 26. விடை சரி, டிக் விழும், அவ்வளவுதான். அந்த அரசியலமைப்பின் மூலப்படி ஒரு பள்ளிக்கூடத்து ஓவியர்கள் அலங்கரித்த சித்திரப் புத்தகம் என்பதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

மூலப்படியை அச்சுக் கோக்கவில்லை. தில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ரைசாதா ஆங்கிலப் படி முழுவதையும் சாய்வெழுத்தில் தன் கையாலேயே எழுதினார். வேலை முடிய ஆறு மாதமானது. 432 பேனா முனைகள் தேய்ந்தன என்பார்கள். கூலி வேண்டாம், பக்கந்தோறும் தன் பெயரும் கடைசிப் பக்கத்தில் தனக்கு எழுத்துக்கலை கற்றுக்கொடுத்த தாத்தாவின் பெயரும் இருந்தால் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். ஓவிய வேலை சாந்திநிகேதனத்துக்குப் போனது. அங்கே கலைப்பள்ளியான கலாபவனின் தலைவராக இருந்த நந்தலால் போஸ் அதைத் தனியாகச் செய்யாமல் மாணவர்களையும் கூட்டிக்கொண்டார். முகவுரைப் பக்கத்தின் ஓரச் சித்திரங்கள் ஜபல்பூர்க்காரரான பியோஹர் ராம்மனோஹர் சின்ஹாவின் கைவேலை. பக்கத்தின் கீழ் மூலையில் ‘ராம்’ என்று நாகரி எழுத்தில் சின்னதாக ஒரு கையொப்பம் இருக்கும், தேடிப் பார்த்தால்தான் தெரியும். சிங்க முத்திரையை வரைந்தவர் தீனாநாத் பார்கவா. இருபதைத் தாண்டியிருந்த அந்த இளைஞர், கல்கத்தா உயிரியல் பூங்காவில் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்துப் பழகிய பிறகே தூரிகையைத் தொட்டார். அசோகத் தூணின் சிங்கத்தை அப்படியே பார்த்து வரைந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் கலாபவனில் பாடம் அப்படி நடப்பதில்லை. எதையும் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் கோடு.

நந்தலாலின் கோடு அஜந்தாவில் பழகியது. இளம் வயதில் அங்கே போய்ச் சுவரோவியங்களைப் பிரதியெடுத்தவர். 1930-இல் தண்டி யாத்திரையை ஒட்டி அவர் செய்த லினோகட் பலருக்கும் நினைவிருக்கும்: கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாக, கைத்தடி ஊன்றி நடக்கும் காந்தி. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக, காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில், கையால் செய்த தாளில் நூற்றுக்கணக்கான சுவரொட்டிகள் கலாபவனில் தயாராயின. மேளக்காரர், தச்சர், நெல் குத்தும் பெண் என்று உழைக்கும் சனங்கள்தான் அவற்றில் நாயகர்கள். தலைவர்கள் பேசும் பந்தலுக்கு வரும் கிராமத்தார், போகிற போக்கில் தங்களையே ஓவியத்தில் பார்க்கட்டும் என்பது எண்ணம். குடியுரிமைக்கு இதைவிட நேரான பாடம் கிடைப்பது கடினம்.

நம் பள்ளிகளில் ஒழுக்கம் ஊட்டும் கலை என்றாலே ஒரு வார்ப்பு இருக்கிறது. குப்பையைத் தொட்டியில் போடும் சிறுவன், பாட்டியின் கைபிடித்துச் சாலை கடக்கும் சிறுமி, சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, அடியில் ஒரு வாசகம். பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றி அச்சாகியிருக்கும் வரிகள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கண்ணில் பட்டுப் பட்டே மறைந்துபோனவை. சொல்வது நல்லதுதான், ஆனால் சொல்லி முடித்ததும் பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அரசியலமைப்பின் ஓவியங்களுக்கு அடியில் வாசகம் கிடையாது, சட்டம்தான் இருக்கிறது. சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

1949-இல் இருந்த 22 பகுதிகளின் தலைப்பிலும் தலா ஒரு படம். படங்கள் ஏறக்குறையக் கால வரிசையில் போகின்றன: சிந்துவெளி, வேதகாலம், இதிகாசங்கள், புத்தர், மகாவீரர், அசோகர், நாளந்தா, அக்பர், விடுதலைப் போர், கடைசியில் இமயம், பாலை, கடல். சட்டம் தன் வரிசையில் போகிறது: குடியுரிமை, அடிப்படை உரிமைகள், ஒன்றியம், மாநிலங்கள், தேர்தல், நெருக்கடி நிலை. இரண்டும் ஒரே தாளில் சந்திக்கும்போது திட்டமிட்டதோ தற்செயலோ, ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது. விவரம் தெரிந்த ஆசிரியருக்கு இந்தச் சந்திப்புகள் போதும், வேறு போதனை தேவையில்லை.

முதல் பகுதி நாட்டின் நிலப்பரப்பைப் பற்றியது. அதன் மேல் மொகஞ்சதாரோவின் காளை முத்திரை. மொகஞ்சதாரோ இருப்பது சிந்து மாகாணத்தில், 1947-க்குப் பிறகு அது பாகிஸ்தான். இந்தியாவின் எல்லையைச் சொல்லும் பக்கத்தில் எல்லைக்கு வெளியே உள்ள ஊரின் காளை நிற்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு வாத்தியார் வாயை மூடிக்கொள்ளலாம்.

இரண்டாம் பகுதி, குடியுரிமை. படத்தில் ஒரு குருகுலம். யார் இந்தியக் குடிமகன் என்று ஐந்தாம் உறுப்பு விளக்குவதற்கு முன்பே ஓவியர்கள் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மரத்தடியில் வகுப்பு நடத்திய சாந்திநிகேதனத்தார் வேறெதை வரைவார்கள்? படம் அழகுதான், ஆனாலும் அந்தக் குருகுலத்தில் எல்லோருக்கும் இடம் கிடைத்ததா என்று ஏகலைவன் கதை தெரிந்த ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்க வேண்டும். பதிலுக்கு அடுத்த பகுதிக்குப் புரட்டினால் தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் உறுப்பு காத்திருக்கிறது.

தமிழ்நாட்டு வகுப்பறையில் அதிக நேரம் நிற்க வேண்டிய பக்கம் பதினேழாம் பகுதியுடையது. கைத்தடியோடு காந்தி தண்டிக்கு நடக்கிறார், ஓர் அநியாயச் சட்டத்தை மீறுவதற்காகவே நடந்த நடை அது. கீழே தொடங்குவது ஆட்சிமொழிப் பகுதி, 343-ஆம் உறுப்பு, இந்தி. அந்த உறுப்பு தந்த பதினைந்து ஆண்டுக் கெடு 1965 ஜனவரியில் முடிந்தபோது மதுரையிலும் சென்னையிலும் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். படம் 1930-ஐச் சொல்கிறது, சட்டம் 1950-ஐச் சொல்கிறது, நம் பிள்ளையின் தாத்தாவுக்கு 1965 நினைவுக்கு வரும். ஒரு பீரியட் போதாது.

அதற்கு அடுத்த பக்கம் இந்த நூலின் உச்சம் எனலாம். பதினெட்டாம் பகுதி நெருக்கடி நிலை அதிகாரங்கள் பற்றியது. அரசு தன் கையில் உள்ள எல்லா அதிகாரத்தையும் திரட்டிக்கொள்ளும் இடம். அதன் தலைப்பில் பீரங்கி இல்லை, கோட்டை இல்லை, நவகாளியில் காந்தி. 1946 அக்டோபரில் கலவரம் மூண்ட அந்த வங்காளக் கிராமங்களுக்கு நவம்பரில் போனவர், அடுத்த ஜனவரியிலிருந்து ஊர் ஊராக வெறுங்காலோடு நடந்தார். எந்தப் பதவியும் இல்லாத, எழுபத்தேழு வயது மனிதர். நாட்டில் நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுத்து ஒரு வழி சொல்ல, தூரிகை வேறொரு வழி சொல்கிறது. கால வரிசையில் வந்து விழுந்த படமாகவே இருக்கட்டும், 1975-இன் நெருக்கடி நிலையைப் பார்த்துவிட்ட கண்களுக்கு அந்தப் பொருத்தம் திடுக்கிட வைக்கும்.

தென்னாட்டுக்கும் பங்கு உண்டு. நிதி, சொத்து, ஒப்பந்தங்கள் பற்றிய பன்னிரண்டாம் பகுதியில் நடராசர். வணிகம் பற்றிய பதின்மூன்றாம் பகுதியில் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம், கங்கை இறங்கி வரும் காட்சி. மாமல்லபுரம் துறைமுகப் பட்டினமாக இருந்ததால் வணிகத்துக்குப் பொருத்தம்தான் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தால் அன்றைய வகுப்பு வெற்றி. கூடவே குறைகளும் எழும். வேலு நாச்சியார் எங்கே? திப்புவும் லட்சுமிபாயும் இருக்கும் பக்கத்தில் கட்டபொம்மனுக்கு இடமில்லையா? பெண்கள் ஏன் இத்தனை குறைவு? எல்லாம் நியாயமான கேள்விகள். பிள்ளைகள் தங்கள் ஊர் ஆளைத் தேடும்போதே இந்தப் புத்தகம் தங்களுடையது என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் படங்களை வைத்து அரசியலும் நடக்கிறது. ராமாயணக் காட்சியை முன்னிறுத்துவோரும் அக்பரையும் திப்புவையும் சுட்டுவோரும் உண்டு. கடைகளில் விற்கும் பதிப்புகளில் படங்கள் ஏன் இல்லை என்ற பேச்சு 2025 பிப்ரவரியில் மாநிலங்களவை வரை போனது. ஒரே ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டால் யாருக்கும் சாதகமாக வாதாடலாம். இருபத்திரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது நடக்காது.

டிராயிங் மாஸ்டரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய ஒரு பயிற்சிக்கும் இதில் இடமிருக்கிறது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 4-அ பகுதி 1976-இல்தான் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்ந்தது. ஊராட்சிகளைப் பற்றிய இன்றைய ஒன்பதாம் பகுதி 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விளைவு. நந்தலாலும் மாணவர்களும் இவற்றுக்குப் படம் வரையவில்லை, வரைந்திருக்கவும் முடியாது. தேசியக் கொடிக்கு மரியாதை, காடுகளையும் ஏரிகளையும் காப்பது, அறிவியல் மனப்பான்மை என்று நீளும் கடமைகளுக்குத் தலைப்பில் என்ன வரைவது? பார்கவா சிங்கத்தைப் பார்க்கப் போனதுபோலப் பிள்ளைகளும் ஊர் ஏரிக்கோ கிராம சபைக்கோ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இல்லாவிட்டால் மறுபடி சார்ட் பேப்பர் வார்ப்புதான் வந்து நிற்கும்.

டேராடூனில் இந்திய நில அளவைத் துறை மூலப்படியை லித்தோ முறையில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டது. அவை பழைய நூலகங்களிலும் ஏலங்களிலும்தான் தென்படும். ஆனால் ஸ்கேன் செய்த பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஸ்மார்ட் போர்டு உள்ள பள்ளிக்கு அதுவே தாராளம். போர்டு இல்லாத பள்ளி பத்துப் பக்கங்களை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் மட்டும் வேண்டாம். பொன் பூச்செல்லாம் சாம்பலாகிவிடும், முகவுரை மூலையில் இருக்கும் ‘ராம்’ அடியோடு காணாமல் போய்விடும்.