அல்லேன் வேண்டும் என்பவர்களுக்கு

அண்மையில் ஜொகூர் பாருவில் நடந்த ஒரு மாணவர் கட்டுரைப் போட்டியின் பரிசளிப்புக்குப் போயிருந்தேன். நடுவர்களில் மூத்தவர் தாம் தாள் திருத்திய முறையை விளக்கிப் பேசினார். ‘நான் அல்ல’ என்று எழுதியிருந்த ஒவ்வொரு தாளிலும் புள்ளி குறைத்ததாகவும், ‘நான் அல்லேன்’ என்பது ஒன்றே இலக்கணம் என்றும் சொன்னார். பிறகு பிரெஞ்சு மொழியைத் துணைக்கு அழைத்தார். பேச்சில் வழங்காத இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் வினைவடிவங்களை அவர்கள் இன்னும் வாய்பாடாகக் காத்து வருகிறார்கள், நாம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அரங்கு கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. அவர் காட்டிய பிரெஞ்சு ஒப்புமை தவறானது. அதைவிட, அவர் காக்க நினைத்த திருத்த முறை தமிழுக்கே கேடு செய்கிறது என்பது நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வரும் குறை.

அவர் பக்கத்து நியாயம் எனக்கும் தெரியும். அல்லேன், அல்லோம், அல்லை, அல்லீர், அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று இடமும் பாலும் காட்டி விரியும் அந்த ஒன்பதும் அழகானவை. விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாய்பாடு தெரியாத பிள்ளைக்குக் குறளிலும் சங்கப் பாட்டிலும் பாதி வழி அடைத்திருக்கும். ‘அல்ல’ என்பது பிறப்பில் பலவின்பால் சொல் என்பதும் உண்மை. இவற்றை வகுப்பில் சொல்லித் தரத்தான் வேண்டும்.

ஆனால் பிரெஞ்சைச் சான்றுக்கு அழைத்தால் அதன் சாட்சியத்தை முழுதும் கேட்க வேண்டும். விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும் தொடருக்குள் அடங்கி வரும் வினைக்கு அங்கே தனி வடிவம் உண்டு. முதன்மை வினை இறந்தகாலமானால் உள்ளே வரும் வினையும் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் ஆக வேண்டும் என்பது பழைய விதி. பேச்சு அதைக் கைவிட்டது. கைவிட்டதைப் பிரெஞ்சுக் கல்வித் துறை கண்டும் காணாமல் இருக்கவில்லை. 1901இல் கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் வெளியிட்ட ஆணை, முதன்மை வினை நிபந்தனை வடிவில் இருந்தால் நிகழ்கால வடிவத்தையே எழுதலாம் என்று இடம் கொடுத்தது. 1976 டிசம்பர் 28இல், ரெனே ஆபி அமைச்சராக இருந்தபோது, தேர்வுத் தாளில் இரண்டு வடிவங்களையும் ஏற்க வேண்டும் என்று ஆணை வந்தது. பழைய வடிவம் பெஷெரல் வினை வாய்பாட்டு நூலில் இன்றும் அச்சாகிறது. கற்க விரும்புகிறவர் கற்கிறார். புதிய வடிவத்தை எழுதிய மாணவருக்குப் புள்ளி குறைவதில்லை. நடுவர் தம் வழக்குக்குக் காட்டிய அதே மொழி, அவருடைய சிவப்புப் பேனாவை அரை நூற்றாண்டுக்கு முன்பே தடுத்துவிட்டது.

அந்தப் பிரெஞ்சு வாய்பாட்டின் எல்லாக் கட்டங்களும் ஒரே மாதிரி மறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். படர்க்கை ஒருமை வடிவம் குட்டையானது, காதுக்கு உறுத்தாது. அது இலக்கிய நடையில் இன்னும் நிற்கிறது. தன்மைப் பன்மை வடிவங்கள் நீண்டு இழுத்தன. ‘அறி’ என்னும் பொருளுடைய வினையின் தன்மைப் பன்மை வடிவம், ‘சப்பு’ என்னும் பொருளுடைய வினையின் வேறொரு வடிவத்தோடு ஒலியில் ஒன்றாகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் எழுத்தாளர்களே தொடரை மாற்றி அமைத்து விலகிப் போனார்கள். ஆல்பர் காம்யு 1956இல் வெளியிட்ட ‘வீழ்ச்சி’ நாவலில் கதைசொல்லி இந்த வடிவத்தை ஒருமுறை பயன்படுத்துகிறான். உடனே பேச்சை நிறுத்துகிறான். எதிரில் இருப்பவன் திடுக்கிட்டதைக் கண்டு, தனக்கு இதன்மேல் ஒரு பலவீனம் என்று ஒப்புக்கொள்கிறான். சொன்னவனே நின்று விளக்கம் தர வேண்டிய வடிவத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கட்டுரையில் கட்டாயம் எதிர்பார்ப்பது எப்படி முறையாகும்?

நமக்குப் பிரெஞ்சு தேவையே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதே சிக்கலைச் சந்தித்தார். ‘உண்டு’ என்பது ஒன்றன்பாலுக்கு உரிய சொல், அதன் பன்மை ‘உள’. வழக்கோ ‘நான் உண்டு’, ‘அவர்கள் உண்டு’ என்று எல்லாருக்கும் அதையே நீட்டியிருந்தது. அவர் அதை வழு என்று தள்ளாமல், வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று விதி செய்தார். ‘உண்டு’ நடந்த அதே பாதையில்தான் ‘அல்ல’ நடந்து வந்திருக்கிறது. பவணந்திக்கு இருந்த காது நம் நடுவர்களுக்கு இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிறிய குறை. பெரிய குறையை அந்த நிகழ்ச்சியிலேயே ஒரு சிறுமியின் தாளில் கண்டேன்.

ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிய ஒரு நாளைப் பற்றி எழுதியிருந்தாள். ‘பூச்சாடியை உடைத்தது நான் அல்ல’ என்ற வரியில் ‘அல்ல’ வட்டமிடப்பட்டு, பக்கத்தில் ‘அல்லேன்’ என்று இருந்தது. “இனிமே இந்த இடத்துல என்னம்மா எழுதுவே?” என்று கேட்டேன். “நான் பூச்சாடியை உடைக்கவில்லைன்னு எழுதிருவேன் மாமா. இல்லைன்னு போட்டா எங்கேயும் தப்பு வராது.”

மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். ‘இல்லை’ யாருக்கும் பொது, அதற்கு விகுதி மாறாது, ஆகவே புள்ளி போகாது. ஆனால் அவள் எழுதப் போகும் தொடர், எழுதிய தொடரின் பொருளைத் தராது. ‘உடைத்தது நான் அல்ல’ என்றால் சாடி உடைந்தது உண்மை, உடைத்தவர் ஒருவர் இருக்கிறார், அந்த ஆள் நான் இல்லாமல் வேறு யாரோ. ‘நான் உடைக்கவில்லை’ என்பது வெறும் மறுப்பு. சாடி உடைந்ததா என்றுகூட அது சொல்லாது. திட்டு வாங்கிய பிள்ளைக்கு வேண்டியது முதல் தொடர். வேறொருவரைப் பெயர் சொல்லாமல் காட்டும் சினம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தொடரை அவளிடமிருந்து பிடுங்கியாயிற்று.

ஒரு பொருளை இன்னொன்றாகக் கொள்ளாதே என்று மறுப்பது அல்ல. இருப்பையும் செயலையும் மறுப்பது இல்லை. காக்க வேண்டிய செல்வம் இந்த வேறுபாடு. நம் பேச்சு இதைக் கரைத்துவிட்டது. ஸ்கூடாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பிள்ளைகள் ‘ஒடச்சது நான் இல்ல’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். எழுத்தில் மட்டுமே அல்ல உயிரோடு இருக்கிறது. ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்க வைக்க ஓர் எளிய வழியும் உண்டு. மலாயில் ‘புக்கான்’ வேறு, ‘தீடாக்’ வேறு. ‘புக்கான் சாயா’ என்றால் அது நான் அல்ல. இரண்டையும் மாற்றிப் போட்டால் திடலில் கூட விளையாடும் மலாய்ப் பிள்ளையே திருத்திவிடும். இந்த மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளில் எந்த வகுப்பில் கேட்டாலும் புக்கானுக்கும் தீடாக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் தடுமாறாமல் காட்டுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அல்லவையும் இல்லையையும் ஒரே பாடவேளையில் விளக்கிவிடலாம். அப்படிச் செய்யாமல், வேறுபாட்டைத் தானாகவே உணர்ந்து சரியாக எழுதிய பிள்ளையை விகுதிக்காகத் தண்டிக்கிறோம். தண்டனைக்கு அஞ்சி அவள் ‘இல்லை’ பக்கம் ஓடுகிறாள். விகுதியைக் காக்கப் போய்ச் சொல்லையே இழக்கிறோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘உடைத்தது நான்’ என்ற தொடரில் அல்லேன் எதற்கு? எழுவாய் ‘உடைத்தது’, படர்க்கை ஒன்றன்பால். வினைமுற்று எழுவாயோடு இசைய வேண்டும் என்றால் ‘உடைத்தது நான் அன்று’ என்றல்லவா வர வேண்டும்? ‘உடைத்தவள்’ என்று தொடங்கினால் அல்லளா, அல்லேனா? அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருவரிடம் இதைக் கேட்டேன். ஒருவர் அல்லேன் என்றார், மற்றவர் அன்று என்றார். இருவரும் வாய்பாட்டைத் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள். ஒன்பது கட்டங்களை மனப்பாடம் செய்தவருக்கு எந்தத் தொடரில் எந்தக் கட்டம் என்பது தெரியவில்லை, ஏனென்றால் வாய்பாடு தொடரைச் சொல்லித் தருவதில்லை. நமக்கே உறுதியில்லாத இடத்தில் ஒரு குழந்தையின் தாளில் வட்டம் போட யார் உரிமை கொடுத்தது?

இன்று ‘நான் அல்ல’ என்றால் நாளை ‘பறவைகள் வந்தது’ என்பார்கள் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ‘வந்தன’ நாளிதழிலும் கதையிலும் பாடநூலிலும் அன்றாடம் அச்சாகிறது. பேச்சில் இல்லாவிட்டாலும் எழுத்தில் அதற்கு வேர் உண்டு. ‘அல்லேன்’ மேடையிலும் போட்டித் தாளிலும் மட்டுமே நடமாடுகிறது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழையே வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது. நான் கேட்பது அது அன்று. எழுத்துத் தமிழ் எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும். ‘அல்லேன்’ என எழுதும் மாணவருக்கு ஒரு புள்ளி கூடுதலாகக்கூடக் கொடுங்கள். ‘நான் அல்ல’ என்பதற்குக் குறைக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் ‘அல்ல’ வர வேண்டிய இடத்தில் ‘இல்லை’ வந்ததற்குக் குறையுங்கள்.

அந்தச் சிறுமியின் தாளை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். வட்டமிட்ட வரிக்கு மூன்று வரி கீழே, ‘அங்கே கிடந்த பந்து என்னுடையது இல்லை’ என்று எழுதியிருந்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சரி’ என்று ஒரு குறி இருந்தது.