யாருடைய பாரம்பரியம்?

2025 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த கண்ட்ரி ஆல்பம் ரெண்டுமே பியான்சேயின் ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பத்துக்குத்தான். கண்ட்ரி ஆல்பம் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். இதே கிராமிதான் 2016-இல் அவருடைய ‘டாடி லெசன்ஸ்’ பாட்டைக் கண்ட்ரி பிரிவுக்குள் விடவே இல்லை. இத்தனைக்கும், கண்ட்ரி இசையின் அடையாளமான பாஞ்சோவின் மூலம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியம்.

அவர் வென்ற நாலே மாசத்தில் கண்ட்ரி ஆல்பம் பிரிவு ‘பாரம்பரியம்’, ‘சமகாலம்’ என்று ரெண்டானது. ஏற்கெனவே பலமுறை வந்த கோரிக்கைதான் என்றது அகாடமி. இருக்கட்டும். ஆனா பாஞ்சோவைத் தந்தவர்களின் வாரிசுகள் இனி எந்தப் பக்கம் நிறுத்தப்படுவார்கள்? வெற்றியாளர் பட்டியலைவிட இதைத்தான் நாம் கவனிக்கணும்.