விளக்கம் கேட்கிறவர் யார்?

பொது ஒளிபரப்பு என்கிறோம். இதில் 'பொது' என்பது யார்?

1969 ஏப்ரல் 15 அன்று மேற்கு பெர்லினின் பொது ஒளிபரப்பு நிலையமான எஸ்.எஃப்.பி., ஜெரி ஷூம் தயாரித்த 'லாண்ட் ஆர்ட்' என்ற படத்தை ஒளிபரப்பியது. 'தொலைக்காட்சிக் கலைக்கூடம்' என்று ஷூம் அதற்குப் பெயர் வைத்தார். சுவர் கிடையாது, பெட்டிதான் கூடம். எட்டுக் கலைஞர்கள். அதில் யான் டிபெட்ஸ் செய்ததைப் பாருங்கள். கடற்கரை மணலில் இயந்திரத்தை ஓட்டிக் கோடு கிழிக்கிறார். கரையில் நிற்பவருக்கு அது ஒரு சரிவகம். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் திரை விளிம்புக்கு இணையான செவ்வகம். அப்புறம் அலை வந்து அழித்துவிடுகிறது. ஆக, படைப்பு கரையில் இல்லை, திரையில்தான் இருந்தது. விற்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கலையைத் தனிச்சொத்தாகப் பூட்டிவைக்காமல், புத்தகம் மாதிரி வெளியிட வேண்டும் என்பதே ஷூமின் வாதம்.

(எட்டுப் பேரும் ஆண்கள். வால்டர் டி மரியா கோடு போட்ட மொஹாவி பாலைவனம் ஒன்றும் ஆளற்ற வெற்றுத்தாள் அல்ல. அது ஒரு பூர்வகுடியின் பெயர்.)

சண்டை வேறு இடத்தில் வந்தது. படங்கள் ஓடும்போது ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. நிலையத்துக்கு உரை வேண்டும். ஷூம் மறுத்தார், உறவு முறிந்தது. ஜனங்களுக்குப் புரியாது என்ற இந்தக் கவலை இயக்க மேடைகளிலும் நமக்குப் பழக்கப்பட்டதுதான். ஜனங்களைக் கேட்டுவிட்டா சொல்கிறார்கள்? அதே வருடம் அக்டோபரில் டபிள்யூ.டி.ஆர். நிலையம் கீத் ஆர்னட் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் புதைந்துபோகும் புகைப்படங்களை, நாளுக்கு ஒன்றாக, ஓரிரு நொடி, அறிவிப்பில்லாமல் நிகழ்ச்சிகளுக்கு நடுவே செருகிக் காட்டியது. முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு அது சாட்சி.

இதற்காக ஷூமைத் தியாகியாக்கவும் வேண்டாம். வானொலி விநியோகிக்கும் கருவியாக மட்டும் இருக்கக்கூடாது, கேட்பவரையும் பேசவைக்க வேண்டும் என்று பிரெக்ட் 1932லேயே சொல்லியாயிற்று. நிலையம் பார்வையாளருக்குப் பாடம் நடத்தப் பார்த்தது. ஷூம் அவரை மௌனமாகப் பார்க்கவைத்தார். பதில் பேச இரண்டு இடத்திலும் வழியில்லை. இந்த மௌனம்தான் எனக்கு இடிக்கிறது.

1970இல் இரண்டாவது படமான 'ஐடென்டிஃபிகேஷன்ஸ்' வேறொரு நிலையம் வழியாக வந்தது. அதோடு சரி. 1971இல் ஷூம் டுஸ்ஸல்டோர்ஃபில் வீடியோ கலைக்கூடம் திறந்தார். இப்போது நாடாக்கள் விலைக்கு. சிலவற்றுக்குப் பிரதி எண்ணிக்கையில் வரம்பு, கூடவே கலைஞரின் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்.