முதலியார் கேட்ட கேள்வியும் நான் கேட்ட கேள்வியும்

நாலு வாசகர்கள் கூடியிருக்கும் இடத்தில் ரமணிசந்திரன் பெயரையோ ராஜேஷ்குமார் பெயரையோ சொல்லிப் பாருங்கள். ஒருத்தராவது உதட்டைச் சுழிப்பார். அவர் கொஞ்சம் பழசு படித்தவராக இருந்தால், அடுத்து உ.வே.சாமிநாதையர் கதை வரும். நானும் பல தடவை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான், பாதிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது.

எல்லோருக்கும் தெரிந்த பாதி இது. 1880 அக்டோபர் 21. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த வருஷம். ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். 'யாரிடம் படித்தீர்கள்?' என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னால் முகம் மலரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றதும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பலன் என்கிற தொனி. பேச்சு கடைசியில் சீவக சிந்தாமணி, மணிமேகலைக்கு வருகிறது. சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை.

இங்கே நிறுத்தினால் இது ஒரு மட்டம் தட்டும் கதை. 'பார்த்தாயா, உ.வே.சா.வுக்கே அந்தக் கதி, நீ எம்மாத்திரம்!' என்று யாரையும் அடிக்க வாகான தடி. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

முதலில், முதலியார் கேட்டதோடு விடவில்லை. தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். கூட உட்கார்ந்து படித்தார். அச்சில் கொண்டுவரச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணி பதிப்பு வந்தது. அவர் கேள்வி காரமானதுதான், ஆனால் அதன் பின்னாலேயே புத்தகமும் வந்தது.

இரண்டாவது, பிள்ளையிடம் படித்த புலவருக்குப் புரியாத இடங்களைத் தெளிவுபடுத்தியவர்கள் கும்பகோணத்து ஜைனர்கள். அவர்கள் வீடுகளில் சிந்தாமணியைப் பாராயண நூலாகப் படித்து வந்தார்கள். புலவர்களின் பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம், பக்கத்துத் தெருவில் பக்தியோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. யார் வாசகர், யார் வாசகர் இல்லை என்று தீர்ப்பெழுதும் முன் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பலன் இல்லை' என்ற அந்தப் பிரபந்தங்களை உ.வே.சா. தூக்கி எறியவில்லை. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் பதிப்பித்து முடித்த பிறகும் உலாக்களையும் கோவைகளையும் தேடித் தேடிப் பதிப்பித்தார். 'தமிழ்விடு தூது' வந்தது 1930-இல். தன் ஆசிரியரின் பிரபந்தங்களையும் திரட்டி வெளியிட்டார். புதிய ரசனை வந்ததும் பழைய ரசனையைக் கண்டு கூச்சப்படுகிற பழக்கம் அவரிடம் இல்லை.

இன்னொன்று. இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? 1940-இல் 'என் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது ஆனந்த விகடனில். அப்போது அதன் ஆசிரியர், மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி. மணிக்கொடி எழுத்தாளர்கள் 'வெறும் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிய அதே கல்கி, அதே விகடன்!

அப்படியானால் எதையும் எடைபோடக் கூடாதா? அதையும் நான் ஏற்க மாட்டேன். மாயவரத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபோது, இலக்கணப் பிழைகளைக் காரணமாக வைத்து மீனாட்சிசுந்தரம் பிள்ளை தட்டிக்கழித்தார். ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகி, பிறகு எழுதிக்கொடுத்தார். பிழைகள் இருந்தது உண்மை. அதைச் சொன்னதில் தப்பில்லை. பிழையோடு கூட வேறு ஒன்றும் இருக்கிறது என்று பார்க்கக் கொஞ்சம் காலம் பிடித்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான், பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்த சாமிநாதனை, இலக்கியப் படிப்புக்கு இடைஞ்சல் என்று நிறுத்தச் செய்தவர். மாணவர் கீழ்ப்படிந்தார். ஆனால் வயதான காலத்தில் அந்த பாரதியாரின் வரலாற்றையும் எழுதினார்.

புத்தகத்தை எடைபோடுவது ஒன்று, படிப்பவரை எடைபோடுவது வேறு. வலங்கைமானில் பிறந்த க.நா.சு.வைவிடக் கறாரான விமர்சகர் தமிழில் குறைவு. கல்கியை அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர் ஒரு புத்தகத்துக்கு வைத்த பெயர் 'படித்திருக்கிறீர்களா?' கிட்டத்தட்ட முதலியார் கேட்ட அதே கேள்வி. உள்ளே இருப்பது புத்தக அறிமுகங்கள். இதோ இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்பதுதான்.

இனி என் கதை. எனக்குச் சொந்த ஊர் குத்தாலம். அருவி இருக்கிற குற்றாலம் இல்லை, மாயவரத்துக்கு மேற்கே காவிரிக்கரையில் இருப்பது. பிள்ளையும் உ.வே.சா.வும் இருந்த திருவாவடுதுறை கொஞ்ச தூரம்தான். எங்கள் அத்தை வீட்டில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணின பொன்னியின் செல்வன் இருந்தது. பத்து வயசில் எனக்கு வந்தியத்தேவனைக் காட்டியவர் அத்தைதான். பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு லீவுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ரமணிசந்திரன் படித்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் ஜானகிராமனைக் கண்டுபிடித்திருந்த மிதப்பில் இருந்தேன்.

"ஏன் அத்தை, இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போவுது?"

"பொழுது போவுதுடா, வேற என்ன" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் கையில் இருக்கிற புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அன்றைக்கு என் பையில் மோகமுள் இருந்தது. கும்பகோணத்துக் கதை. அத்தை பள்ளிக்கூடம் போனதே கும்பகோணத்தில்தான். எடுத்து நீட்டியிருக்கலாம். அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவரும் படித்துவிட்டால் எனக்கு என்ன தனிப் பெருமை என்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கிய பிறகு, போன வாரம் மோகமுள்ளை எடுத்துக்கொண்டு குத்தாலம் போனேன். அத்தைக்குக் கண் புரை ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகப் படிக்கிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இத அப்பவே லைப்ரரியில எடுத்துப் படிச்சாச்சேடா. ரெண்டு தடவை."

"சொல்லவே இல்லையே அத்தை?"

"நீ எங்க கேட்ட?"

அப்புறம் பாபுவைப் பற்றியும் யமுனாவைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். யமுனா விஷயத்தில் அவர் சொன்ன ஒரு கருத்து என்னுடையதற்கு நேர் எதிர். இன்னும் அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிளம்பும்போது அவரிடமிருந்து ஒரு ரமணிசந்திரன் வாங்கி வந்திருக்கிறேன். படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுவேன்.